நண்டுப்பிடித் தீவின் சிவந்த மரம்

சித்திரபானு ஆண்டு, மாசி மாதம் ஏழாம் நாள், புதன்கிழமை. மெல்லிய வாடைக்காற்று வீசியது. வானத்தில் ஒரு முகிலும் இல்லை. கடல், எண்ணெய் தடவிய பலகைபோலப் பளபளத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. அன்று முற்பகலில், எந்த மாலுமியின் படத்திலும் இல்லாத ஒரு தீவுக்கு ஒரு மரக்கலம் வந்தது. அதில் உப்பளத்துக்காரர்கள் பதின்மூவர் கயிற்றால் கட்டப்பட்டுக் கிடந்தார்கள். கதை அங்கேதான் தொடங்குகிறது, பிள்ளைகளே.

அந்தத் தீவின் பெயர் நண்டுப்பிடித் தீவு. நண்டு தன் இரண்டு கொடுக்குகளையும் வளைத்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? தீவின் வடிவமும் அப்படித்தான். கொடுக்குகள் இரண்டும் மேற்கே நீண்டு, நடுவில் ஒரு குடாவைப் பிடித்துக்கொண்டிருந்தன. குடாவுக்கு வெளியே பவளப்பாறை வேலிபோலச் சுற்றி நின்றது. அந்த வேலியில் ஒரே ஒரு சந்து. சந்து தெரிந்தவன் உள்ளே வரலாம். தெரியாதவனின் கலம் விறகாகிவிடும். ஆகையால் அதைக் கடற்கொள்ளைக்காரர்கள் இருபத்திரண்டு பேர் தங்கள் இருப்பிடமாக வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுடைய தலைவன் பெயர் சடையன். சந்து இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பான் தெரியுமா? சந்துக்கு நேர் எதிரே, சேற்றங்கரையில், பச்சைக் காட்டின் நடுவே ஒரு மரம் மட்டும் இரத்தச் சிவப்பாக நிற்கும். அந்த மரத்துக்கு நேரே மூக்கை வைத்துக் கலத்தை விட்டால், பாறை உரசாமல் குடாவுக்குள் வந்துவிடலாம்.

பிடிபட்ட பதின்மூவரில் ஒருத்தி பேச்சித்தாய். உப்பு வாரும் வேலை அவளுக்கு. ஓய்ந்த வேளையில் ஊராருக்குப் பச்சிலை அரைத்துக் கொடுப்பாள். தெரியாத செடி ஒன்றைக் கண்டுவிட்டால், அதன் பெயரையும் குணத்தையும் அறிகிறவரையில் அவளுக்குச் சோறு இறங்காது.

கரையில் இறங்கியதும் சடையன் கைதிகளை வரிசையாக நிறுத்தினான். அவனுடைய கண்கள் இரண்டும் வீங்கி, நீர் வடிந்துகொண்டிருந்தன. அவனுடைய ஆட்கள் எல்லாருக்கும் அப்படியே.

"ஏ பொம்பள, மருந்து தெரிஞ்சவ நீதானா?" என்றான்.

"ஆமய்யா."

"எங்க கண்ணப் பாத்தியா? வருசா வருசம் தையில இங்க வந்து தங்குனா இப்படித்தான். இதக் குணமாக்கு. பதிமூணு பேரையும் உங்க ஊர்க் கரையில கொண்டுபோய் எறக்கி விடுறேன். முடியலன்னா அத்தன பேரையும் அந்நிய நாட்டுக்காரனுக்கு அடிமையா வித்துருவேன்."

"வாக்கு மாற மாட்டீரே?"

"என் ஆளுக அத்தன பேரும் கேக்கத்தான சொல்லுறேன்!"

"அப்ப இந்தத் தீவ மூணு தடவ சுத்திப் பாக்கணும். ஒரு எடத்துல என்ன மொளைக்குன்னு தெரியாம அந்த எடத்து நோவுக்கு மருந்து சொல்ல முடியாது."

சடையன் ஒப்புக்கொண்டான், அவளுக்குக் காவலாகச் சுக்கான் பிடிக்கும் உத்தண்டனை அனுப்பினான். உத்தண்டன் வயதானவன், வாயாடி. அவனுக்கும் கண் வீங்கித்தான் இருந்தது.

முதல் நாள் தென்கரையைச் சுற்றினார்கள். அங்கே மணல்மேடு. மேட்டின் மீது அடம்பங்கொடி படர்ந்து ஊதாப் பூப் பூத்திருந்தது. அதற்கு மேலே தாழை, ஆள் நுழைய முடியாத புதராக, முள்ளும் மடலுமாக அடர்ந்து நின்றது. பேச்சித்தாய் நின்றாள், பார்த்தாள், பிறகு கேட்டாள்.

"அண்ணாச்சி, இந்தத் தாழை எல்லாம் ஏன் வடகிழக்கே சாஞ்சு நிக்கி?"

"காத்துதான் தாயி."

"எந்தக் காத்து? இப்ப அடிக்கிறது வாடை. வாடைக்குச் சாஞ்சா தெற்கயில்லா சாயணும்?"

உத்தண்டன் விழித்தான். "பதினோரு வருசமா வாறேன், இத நான் பாக்கவே இல்லையே!"

இரண்டாம் நாள் நடுத்தீவைச் சுற்றினார்கள். அங்கே புன்னையும் பூவரசும் நிழல் பரப்பியிருந்தன. அவற்றின் நடுவே ஓர் ஊற்று. ஊற்றிலிருந்து விரற்கனமான ஓடை ஒன்று சேற்றங்கரை வழியாகக் கடலுக்குப் போயிற்று. பேச்சித்தாய் நின்றாள், பார்த்தாள், பிறகு கேட்டாள்.

"அண்ணாச்சி, தண்ணி வெரல் கனத்துக்குத்தான் ஓடுது. ஆனா அந்தப் பூவரசுல இடுப்பு உயரத்துக்குச் சேறு காஞ்சு ஒட்டியிருக்கே?"

"அது யாராவது அப்பியிருப்பான்."

"உங்க ஆளுகளா? அவங்க மொகத்தையே கழுவுறதில்ல, மரத்துக்கு வந்து சேறு பூசுவாங்களா?"

உத்தண்டன் சிரித்துவிட்டான். கண் எரிந்ததால் உடனே அழவும் செய்தான்.

மூன்றாம் நாள் மேற்குச் சேற்றங்கரைக்குப் போனார்கள். அங்கே கண்டல், காலை ஊன்றி நிற்கும் நண்டுபோல வேர்களை ஊன்றி நின்றது. அலையாத்தியின் மூச்சுவேர்கள், நாற்றங்கால்போலச் சேற்றை விட்டு நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு இடையே நூற்றுக்கணக்கான வெட்டுக்கட்டைகள். புதிய கட்டைகளில் பால் வடிந்து உறைந்திருந்தது. வெட்டப்படாமல் நின்றது, அந்தச் சிவந்த மரம் ஒன்றே. பேச்சித்தாய் நின்றாள், பார்த்தாள், இம்முறை தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, இதையா வெட்டி அடுப்பெரிக்கிறீங்க?"

"ஆமா தாயி. மெத்துன்னு இருக்கும், வெட்ட லேசு. இந்த ஒண்ண மட்டும் வழி பாக்க விட்டு வச்சிருக்கோம்."

"இது தில்லை! இந்தப் பால் தெறிச்சாக் கண்ணு போயிரும். இந்தப் பொகையிலயா மூணு மாசம் படுத்துத் தூங்குறீங்க? கடல்ல எந்த மீனு எங்க திரும்புதுன்னு சொல்லுவீங்க, அடுப்புல எரியிறது என்ன மரம்னு தெரியாதா?"

தெரியாதுதான். ஏனென்றால், பிள்ளைகளே, அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவன்கூட அந்தத் தீவில் பிறந்தவன் அல்லன். அங்கே ஒரு விதை ஊன்றியவனும் அல்லன். வந்தார்கள், வெட்டினார்கள், தின்றார்கள், போனார்கள்.

அன்றிலிருந்து தில்லை விறகு நின்றது. புன்னைக்காய் ஓடும் தாழை மட்டையும் எரிந்தன. ஊற்றுநீரால் நாளுக்கு மூன்று முறை கண்ணைக் கழுவச் சொன்னாள் பேச்சித்தாய். பத்தாம் நாள் வீக்கம் வடிந்தது. இருபதாம் நாள் இருபத்திரண்டு பேரும் தெளிவாகப் பார்த்தார்கள்.

பேச்சித்தாய் சடையனிடம் போனாள். "ஐயா, கண்ணு கொணமாயிட்டு. எங்க ஊருக்கு எப்பப் பொறப்படுறோம்?"

சடையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கண்ணு கொணமானதுலதான் உன்ன நல்லாத் தெரியிது! மருந்து தெரிஞ்ச பொம்பளைக்கு எட்டு மடங்கு வெல கெடைக்குமே!"

"ஊரறியச் சொன்ன வாக்கு..."

"இங்க ஊரு எங்க இருக்கு? சுத்திக் கடலுதான் இருக்கு. அதுகிட்டப் போய் முறையிடு. பங்குனி கடேசியில நாங்க போறோம். வாங்குறவனப் பேசி முடிச்சிட்டு வைகாசியில வந்து ஒங்கள ஏத்திக்கிடுவோம். அதுவரைக்கும் படகும் கெடையாது, காவலும் கெடையாது. நீந்தத் தெரிஞ்சவன் நீந்திக்கலாம்."

பேச்சித்தாய் அந்தச் சிவந்த மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "வைகாசியிலயா வாறீங்க? இதுக்கு முன்னால வைகாசியில வந்திருக்கீங்களா?" என்றாள்.

"இல்ல. தையில வருவோம், பங்குனியில போவோம். அதுக்கென்ன?"

"அந்தச் செவந்த மரம் அப்ப செவப்பா இருக்காது. எல சாகப்போறதால செவந்திருக்கு. கொட்டிரும், புதுசா பச்சையாத் துளிர்க்கும். அதோட அப்ப கச்சான் காத்து தென்மேற்க இருந்து தள்ளும். தாழையப் பாத்தாலே அது எம்புட்டுப் பலம்னு தெரியும். அந்த மாசம் வராதீங்க."

உத்தண்டன் வாயைத் திறந்தான். "தலைவரே, அவ சொல்லுறதுல..."

"நீ சும்மா இருவே!" என்று அதட்டினான் சடையன். "பதினோரு வருசமாப் பாக்கேன், ஒருநாளாவது அது பச்சையா இருந்ததுண்டா? கண்ணு தெரியாத காலத்துலயே எனக்கு அந்தச் செவப்பு தெரிஞ்சுது. இப்பக் கண்ணும் தெரியிது. உப்பு வாருறவ எனக்குக் கடலச் சொல்லித்தாறாளாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். உத்தண்டன் மட்டும் சிரிக்கவில்லை.

பங்குனி இருபத்தெட்டாம் நாள் கலம் போயிற்று. பதின்மூவரும் கரையில் நின்று பார்த்தார்கள். பேச்சித்தாயின் மதினி மாடத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, அவன்கிட்டப் போயி உண்மையச் சொல்லிட்டியே! வாய மூடிட்டிருந்தா அவன் மோதிச் செத்திருப்பான்!"

"மதினி, மருந்து சொல்லுற வாயி. ஒருத்தன் அழிவத் தெரிஞ்சும் சொல்லாம இருக்க வரல."

"சரி, அந்த மரத்த வெட்டித் தெப்பம் கட்டுவமா?"

"பதிமூணு பேருக்கு ஒத்த மரம் காணாது. மெதக்குற மரத்த எல்லாம் அந்தப் பாவிக அடுப்புல வச்சிட்டாங்க. புன்னை கனம், ஆள் ஏறுனா முங்கிரும்."

ஆகவே காத்திருந்தார்கள். வேறு வழி இல்லை. சித்திரை பிறந்தது, சுபானு ஆண்டும் பிறந்தது. தில்லையின் இலைகள் ஒன்றுவிடாமல் கொட்டின. பிறகு வெறுங்கிளையில் துளிர் வந்தது. காற்று திரும்பியது. மழை பெய்தது, விரற்கனமான ஓடை இடுப்பளவு ஆனது, செம்மண் நிறத்தில் பாய்ந்து, குடாவைக் கடந்து, பாறை வேலியின் சந்து வழியாகக் கடலுக்குள் ஒரு பழுப்புப் பட்டையாக நீண்டது. அப்போதுதான் பேச்சித்தாய்க்குப் புரிந்தது: நல்ல தண்ணீர் விழுகிற இடத்தில் பவளம் வளராது, ஆகையால்தான் அங்கே சந்து உண்டாயிற்று. மரம் வழியைக் காட்டியது தற்செயல். வழியை வெட்டியது ஓடை.

வைகாசி பதினோராம் நாள் கலம் வந்தது. கச்சான் காற்று பின்னாலிருந்து பிடரியைப் பிடித்துத் தள்ளியது. மேற்கே நுரை மலைபோல எழுந்து பாறையில் உடைந்தது.

"எங்கவே செவப்பு?" என்று கத்தினான் சடையன்.

"காணல, தலைவரே."

"இன்னும் வடக்க போ!" போனார்கள். பச்சை.

"தெற்க திருப்பு!" திருப்பினார்கள். பச்சை.

"நேரா விடு! கிட்டப் போனாத் தெரியும்!" விட்டார்கள். அங்கும் பச்சை. அதற்குள் நுரைக்கு நடுவே கலத்தின் அடிப்பகுதி பவளப்பாறையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நங்கூரம் போடவும் இடமில்லை; பின்னே வரவும் வழியில்லை. ஒவ்வோர் அலையும் கலத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

பேச்சித்தாய் தென்கொடுக்கின் நுனியில் வந்து நின்றாள். சடையன் அவளைப் பார்த்தான்.

"ஏ பொம்பள! வழி எங்க?"

அவள் கலத்தில் இருந்தவர்களை எண்ணினாள்.

"ஏ தாயி! வழி எங்க?"

அவள் பாறைமேல் ஏறுகிற நீரைப் பார்த்தாள்.

"அம்மா! ஒனக்குப் புண்ணியமாப் போகும். வழி எங்க?"

"கப்பல்ல ஆளு பாரம் கூடிப்போச்சு!" என்று பேச்சித்தாய் உரக்கச் சொன்னாள். "கத்தி, ஈட்டி எல்லாத்தையும் கடல்ல போடுங்க. நான் பாக்கப் போடுங்க. பொறவு சுக்கான்காரர் மட்டும் நிக்கட்டும்; மத்தவங்க எறங்கிப் பாறை வழியா தென்கரைக்கு நடங்க. கடல்தண்ணி ஏறுது, பாரம் கொறஞ்சா கப்பல் மெதந்துரும். இல்லன்னா இன்னும் நாலு அலைதான்."

மூன்றாவது அலையில் நடுப் பாய்மரம் முறிந்தது. சடையனின் ஆட்கள் அவனைக் கேட்கவில்லை. கத்தியும் ஈட்டியும் சடசடவென்று நீரில் விழுந்தன. இடுப்பளவு நீரில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு தென்கரைக்கு நடந்தார்கள். கடைசியாகச் சடையனும் கத்தியை எறிந்துவிட்டு இறங்கினான். பாரம் குறைந்தது; கலம் மிதந்தது.

"அண்ணாச்சி!" என்று கூவினாள் பேச்சித்தாய். "மரத்தத் தேடாதீங்க. தண்ணி நெறத்தப் பாருங்க. பழுப்புத் தண்ணியிலயே வாங்க!"

உத்தண்டன் கிழிந்த முன்பாயோடு பழுப்புப் பட்டையைப் பிடித்தான். ஒரு பாறையும் உரசாமல் குடாவுக்குள் வந்தான். கொடுக்கின் நுனியில் பேச்சித்தாயும், சேற்றங்கரையில் காத்திருந்த மற்றப் பன்னிருவரும் ஏறினார்கள். ஏறியதும் மாடத்தி துடுப்பொன்றைத் தூக்கிப் பிடித்தாள்.

"நீரும் அவங்க ஆளுதான? எங்கள எங்க கொண்டு போகப் போறீரு?"

"ஒங்க ஊருக்கு," என்றான் உத்தண்டன். "கண்ண கொணமாக்குனாக் கொண்டுபோய் விடுறதா அன்னைக்கு எல்லாரும் கேக்கத்தான சொன்னோம்? என் கண்ணு கொணமாயிட்டு. நான் கொண்டு விடுறேன். அந்தத் துடுப்பக் கீழ வைம்மா. இல்ல, பிடிச்சது பிடிச்ச, அப்படியே துடுப்பு வலி."

தென்கரையில் இறங்கியவர்கள் குடாவுக்கு ஓடி வரப் பார்த்தார்கள். இடையில் தாழங்காடு. ஆடை கிழிந்து, தோல் கிழிந்து, ஒருவரை ஒருவர் வைதுகொண்டு அவர்கள் இந்தப் பக்கம் வெளியே வந்தபோது, சற்றுக் காற்றடங்கிய வேளை பார்த்துக் கலம் சந்து வழியாக வெளியேறிவிட்டது.

பிறகு நடந்தது இது. கலம் எட்டாம் நாள் உப்பளத்து ஊரை அடைந்தது. பதின்மூவரும் நலமாக இறங்கினார்கள். உத்தண்டன் துறைமுகத்து அதிகாரியிடம் தானே போய் நின்று, செய்த குற்றங்களைச் சொன்னான்; அவனுக்கு இரண்டு ஆண்டு காவல் விதிக்கப்பட்டது. அதன்பின் அவன் அதே துறையில் கலங்களுக்கு வழிகாட்டும் வேலை பார்த்தான். அரசனின் படகுகள் ஆடி மாதத்தில் தீவுக்குப் போய் இருபத்தொருவரையும் பிடித்துவந்தன; அடுப்பில் தில்லை விறகு இல்லாததால் எல்லாருடைய கண்களும் தெளிவாகவே இருந்தன. அவர்கள் கொள்ளையிட்ட ஊர்களுக்கே அவர்களை வேலைக்கு அனுப்பினார்கள். சடையனுக்கு வாய்த்தது உப்பளம். ஒன்பது ஆண்டுகள் அவன் அங்கே உப்பு வாரினான். தன் வாக்கை நம்பியவளை விற்கப் பார்த்தவனுக்கு, அவள் ஊரிலேயே வேலை. முதல் ஆண்டில் அவன் உள்ளங்கால் வெடித்தபோது பேச்சித்தாய்தான் பச்சிலை அரைத்துக் கொடுத்தாள்; அவன் தலை நிமிராமல் வாங்கிக்கொண்டான்.

ஓர் இடத்தை எல்லா மாதமும் பார்த்திராதவன், அதை அறிந்தவன் அல்லன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை கரை ஏறிவிட்டது. கேட்டவர்களும் எழுந்து அவரவர் வீட்டுக்குப் போகலாம்.