இரண்டு நல்ல பற்கள்

“நாளைக்கு ஒரு பொம்பளைக்கு ரெண்டு நல்ல பல்லைப் பிடுங்கப் போறேன், அம்மா” என்றார் தெய்வநாயகம்.

அவர் பல் வைத்தியர். ஐம்பத்து நான்கு வயது. மலையடிவாரத்தில் தனியாக வாழ்ந்த, அவர் ‘அம்மா’ என்றழைக்கும் பெண் குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“நல்ல பல்லை எதுக்கு?”

“மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேரலை. மூணு தடவை பல்லை ராவித் தேய்ச்சாச்சு. என் நாற்காலியில சரியாச் சேருது. வீட்டுல சோறு திங்கும்போது இடிக்குதுங்கிறா.”

“என்ன வேலை பார்க்கிறா?”

“பீடி சுத்துறா. பாக்கியத்தாய்னு பேரு. முப்பது வருஷமாக் குனிஞ்சு முதுகே வளைஞ்சு போச்சு.”

“முதுகைப் பார்த்தீங்களா?”

“நான் பல் வைத்தியன்.”

“பல்லை மட்டும் கழற்றிக் கொடுத்துட்டுப் போனாளா?”

தெய்வநாயகம் சிரிக்கவில்லை.

“அலுத்துப் போச்சு அம்மா. குனிஞ்சு குனிஞ்சு என் முதுகும்தான் போச்சு. பிடுங்கிட்டா தொல்லை விட்டுது.”

“யாருக்கு?”



குரு பாயை விரித்தார். “படுங்க.”

படுத்தார்.

“கடிங்க. எந்தப் பல் முதல்ல தொடுது?”

“கடைவாய்ப் பல்.”

“எழுந்து உட்கார்ந்து இந்தக் கீரையை ஆயுங்க.”

ஆய்ந்தார். சற்று நேரத்தில் பழகிய கூன் வந்துவிட்டது. தாடை நெஞ்சை நோக்கி இறங்கியது.

“நிமிராதீங்க. அப்படியே கடிங்க.”

கடித்தார். முன்பல் இடித்தது.

மறுபடி கடித்தார். மறுபடியும் முன்பல்.

கீரைக்கட்டு கையிலேயே இருந்தது.

“அவளை எப்படிக் கடிக்கச் சொன்னீங்க, டாக்டரே?”

“நாற்காலியைச் சாய்ச்சு” என்றார் மெதுவாக. “மல்லாக்கப் படுக்க வச்சு.”

“மூணு தடவையுமா?”

“மூணு தடவையும்.”

குரு அவர் கையிலிருந்த கீரையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெகுநேரம் கழித்துத் தெய்வநாயகம் மருத்துவமனைக்குப் போன் செய்தார். நர்ஸ் எடுத்தாள்.

“நாளைக்குப் பாக்கியத்தாயைச் சோறு கொண்டுவரச் சொல்லும்மா.”

“பல் பிடுங்குற அன்னைக்குச் சோறா, சார்?”

“இடுக்கியை எடுத்து வைக்க வேண்டாம். தரையில பாய் போடு.”

“படுக்கவா சார்?”

“உட்கார.”

“ஒரு பாய் போதுமா?”

எழுந்திருக்கப் பார்த்தார். முதுகு விடவில்லை.

“ரெண்டு போடு” என்றார்.