சுவிட்சின் மேல் ஒரு விரல்

ஏரியில் தண்ணீர் இருக்கும் வரை அந்தக் கிளப்புக்கு வேலை கிடையாது. சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் வழியில், மழைக்காலத்தில் கொக்குகளும் கோடையில் ரிமோட் விமானங்களும் வந்து இறங்கும் ஏரி அது. பங்குனி முடிந்து தரை காய்ந்ததும் கிளப்காரர்கள் முள்செடிகளை வெட்டி, மண்ணைச் சமன்படுத்தி, ஓடுபாதை ஒன்று போட்டுவிடுவார்கள். காலையில் பறப்பார்கள். வெயில் ஏறியதும் கரையோரத்துப் பழைய மோட்டார் ரூமுக்குள் நுழைந்து, காலையில் உடைத்ததை ஒட்டுவார்கள். தலை நரைத்தவர்கள் பொம்மை விமானத்துக்காக வெயிலில் கருகுவதைப் பார்த்து, மாடு மேய்க்க வருகிறவர்கள் வாய்விட்டே சிரிப்பார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

புதிதாகச் சேருகிறவர் தனியாகப் பறக்க முடியாது. அவர் கையில் ஒரு ரிமோட், பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளர் கையில் ஒரு ரிமோட், இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள். பயிற்சியாளரின் ரிமோட்டில் ஸ்பிரிங் வைத்த சுவிட்ச் ஒன்று இருக்கும். அதை விரலால் இழுத்துப் பிடித்திருக்கும் வரை விமானம் கற்றுக்கொள்கிறவர் சொல்படி பறக்கும். விரலை விட்டால் அந்தக் கணமே விமானம் பயிற்சியாளரிடம் வந்துவிடும். அதாவது, பிடித்திருந்தால் விட்டுக்கொடுத்துவிட்டதாக அர்த்தம். விட்டால் பிடுங்கிக்கொண்டதாக அர்த்தம்.

அரங்கநாயகத்தின் விரல் அடிக்கடி விட்டுவிடும்.

அவர் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளப்பை ஆரம்பித்தவர்களில் ஒருவர். இத்தனை வருடத்தில் அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட யாருடைய விமானமும் விழுந்ததில்லை. இதை அவர் சொல்லாத நாளும் இல்லை. இந்த வருடம் கிளப் பொறுப்பு எஸ்தருக்கு வந்தது. எஸ்தர் பல் டாக்டர், அவரைவிட இருபது வயது இளையவள், அதிகம் பேசமாட்டாள். பொறுப்பேற்றதும் முதல் வேலையாக அவரிடமிருந்து பயிற்சி ரிமோட்டை வாங்கி அலமாரியில் வைத்தாள். கோடை முகாமுக்கு வருகிறவர்களுக்குப் பட்டறை வேலை சொல்லிக்கொடுங்கள், போதும் என்றாள்.

அவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

"என் கையில ஒரு விமானம் விழுந்திருக்கா டாக்டர்?" என்றார்.

"இல்லீங்க சார். உங்ககிட்ட கத்துக்கிட்டவங்க யாராவது ஒண்ணு இறக்கியிருக்காங்களா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் மனைவியிடம் எஸ்தரைத் திட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் திட்டும்போது குரலில் வேகம் இல்லை. அவருக்கு மகன் ஞாபகம் வந்துவிட்டது.

அவரிடம் முதன்முதலில் பறக்கக் கற்றுக்கொண்டவன் அவருடைய மகன் நிமலன்தான். பள்ளிக்கூட வயதில் கோடை முழுக்க அவர் பக்கத்திலேயே நிற்பான். மேலே ஏற்றுவான், வட்டம் போடுவான், எல்லாம் ஒழுங்காகச் செய்வான். இறக்குகிற நேரம் வரும்போதுதான் தடுமாறுவான். விமானம் நம்மைப் பார்த்து வரும்போது இடம் வலமாகிவிடும், வலம் இடமாகிவிடும். புதியவர்கள் எல்லாருக்கும் அங்கேதான் கை குழம்பும். நிமலனுக்குக் கை குழம்பும் முன்பே அப்பாவின் விரல் சுவிட்சை விட்டிருக்கும். விமானம் பத்திரமாகத் தரை தொடும். "பாத்தியா, நான் பிடிச்சேன்" என்பார். "ஆமாப்பா" என்பான் அவன். கல்லூரிக்குப் போன பிறகு ஏரிப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். படிப்புச் சுமை என்று அவர் நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்துக்கொள்வது அவருக்கு வசதியாக இருந்தது.

இப்போது அவன் மஸ்கட்டில் இருக்கிறான். வாரம் ஒருமுறை பேசுவான். எந்த வேலையில் சேர வேண்டும், எங்கே மனை வாங்க வேண்டும் என்று அவர் சொல்வார். எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரே பதில்தான். ஆமாப்பா, சரிப்பா. அவனாக எதையும் சொன்னதில்லை. அவன் வீடு மாறியதைக்கூட மருமகளின் அம்மா சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நிமலன் சித்திரைக் கடைசியில் விடுமுறைக்கு வந்தான். அவன் வந்த மறுநாளே அரங்கநாயகம் எஸ்தரின் கிளினிக்குக்குப் போய், பல்வலிக்காரர்களோடு வரிசையில் உட்கார்ந்தார். முறை வந்ததும் உள்ளே போனார்.

"என்ன சார், எந்தப் பல்லு?"

"பல்லு இல்ல டாக்டர். என் பையன் வந்திருக்கான். திரும்பிப் போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை அவன் கையால ஒரு விமானத்தை இறக்கணும். நான்தான் பக்கத்துல நிப்பேன். வேற யாரையும் நிறுத்த வேண்டாம்."

"நல்லதுதானே. நில்லுங்க."

"என் விரல் நிக்காதே டாக்டர்." அவர் விரலை நீட்டிக் காட்டினார். "விடக் கூடாதுன்னு சாமி மேல சத்தியம் பண்ணிட்டுப் போனாலும் அது விட்டுடும். எப்ப எடுத்துக்கணும், எப்ப எடுத்துக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்கொடுங்க."

எஸ்தர் கையுறையைக் கழற்றினாள்.

"ஞாயித்துக்கிழமை தம்பியைக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

ஞாயிறு வரை நிமலன் மோட்டார் ரூமில் அப்பாவோடு பட்டறை வேலை பார்த்தான். முகாமுக்கு வந்தவர்களுக்கு அரங்கநாயகம் பாடம் நடத்தினார். பேட்டரியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், உப்பிவிடும். மேஜையில் வைத்து மோட்டாரைச் சோதிக்கும்போது புரொப்பல்லரைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் விரல் போய்விடும். விமானம் உங்களைப் பார்த்து வரும்போது இடமா வலமா என்று யோசிக்காதீர்கள். எந்தப் பக்கத்து இறக்கை தாழ்கிறதோ ரிமோட்டின் குச்சியை அந்தப் பக்கம் தள்ளுங்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். நிமலன் தலையாட்டாமல், ஃபோம் இறக்கை ஒன்றின் விரிசலில் பசை விட்டுக்கொண்டிருந்தான். கவனிக்கிறானா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிறு காலை காற்று அடங்கியிருந்தது. எஸ்தர் முகாம்காரர்களையெல்லாம் கரைக்கு அப்பால் போகச் சொன்னாள். அலமாரியிலிருந்து எடுத்த பயிற்சி ரிமோட்டோடும் கேபிளோடும் மோட்டார் ரூமுக்குள் போனாள். நிமலனும் கூடப் போனான். வெகு நேரம் கழித்துத்தான் இருவரும் வெளியே வந்தார்கள். கேபிள் மாட்ட இவ்வளவு நேரமா என்று அரங்கநாயகம் நினைத்தார். கேட்கவில்லை. தன் விரலைப் பற்றிய கவலையே அவருக்குப் பெரிதாக இருந்தது.

அவரே விமானத்தை மேலே ஏற்றிக்கொடுப்பதுதான் வழக்கம். இன்று நிமலனே ஏற்றட்டும் என்றாள் எஸ்தர். அவர் சுவிட்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மகன் பக்கத்தில் நின்றார். விமானம் ஓடி, எழும்பி, முள்வேலிக்கு மேலே திரும்பியது. இத்தனை வருட இடைவெளி அவன் கையில் தெரியவில்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்தது. இதை ஏன் இவ்வளவு தாமதமாகச் செய்கிறோம் என்று நினைத்தார்.

"இறக்கட்டுமாப்பா?"

"இறக்கு."

விமானம் தொலைவில் திரும்பி அவர்களைப் பார்த்து வந்தது. கரையிலிருந்து திடீரென்று ஒரு காற்று கிளம்பிப் புழுதியை வாரியது. இடது பக்கத்தில் இறக்கை ஒன்று தாழ்ந்தது. விமானம் சாய்ந்தபடி கீழே சறுக்கியது.

அரங்கநாயகத்தின் விரல் விட்டுவிட்டது.

அவர் குச்சியை இடது பக்கம் தள்ளினார். இறக்கை நிமிர்ந்தது. லேசாகப் பின்னுக்கு இழுத்தார். மூக்கு எழும்பியது. விமானம் மண்ணைத் தொட்டு, ஒருமுறை குதித்து, ஓடி நின்றது. கரையிலிருந்து கைதட்டல் கேட்டது.

பயமும் சந்தோஷமுமாக, பழைய வார்த்தை தானாக அவர் வாயில் வந்தது.

"பாத்தியா, கடைசி நேரத்துல நான் பிடிச்சேன். இல்லேன்னா தூள்தான்."

நிமலன் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எஸ்தர் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அவன் அப்பாவின் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"ஆமாப்பா. நீங்கதான் பிடிச்சீங்க."

அவன் அப்படிச் சொன்ன பிறகுதான் அரங்கநாயகத்துக்கு என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. மகன் கேபிளைக் கழற்றிச் சுருட்டி எஸ்தரிடம் கொடுத்தான். இன்னொரு தடவை பறக்கிறாயா என்று அவர் கேட்டார். வெயில் ஏறிவிட்டது, போகலாம் என்றான். புதன்கிழமை விமான நிலையத்தில் அவனை வழியனுப்பும்போது மன்னிப்புக் கேட்க நினைத்தார். பாஸ்போர்ட் எடுத்தாயா என்றுதான் கேட்க முடிந்தது. எடுத்துவிட்டேன் அப்பா என்றான். உள்ளே போகும் முன் திரும்பிக் கையாட்டினான்.

அடுத்த ஞாயிறு அவர் யாருக்கும் முன்பே மோட்டார் ரூமுக்கு வந்துவிட்டார். எஸ்தர் வந்ததும் எழுந்து நின்றார். கிளப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றார். பையனுக்கு ஒரே ஒரு வாய்ப்பு கிடைத்தது, அதையும் பிடுங்கிக்கொண்டேன், இனிமேல் அந்த ரிமோட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

எஸ்தர் சமாதானம் சொல்லவில்லை. அதே விமானத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். புரொப்பல்லரைக் கழற்றினாள். அலமாரியைத் திறந்து பயிற்சி ரிமோட்டை அவர் கையில் கொடுத்தாள். போன ஞாயிறுக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. இன்னொரு ரிமோட்டைத் தன் கையில் வைத்துக்கொண்டு கேபிளை மாட்டினாள்.

"சுவிட்சைப் பிடிங்க சார்."

பிடித்தார். எஸ்தர் குச்சியை அசைத்தாள். இறக்கையின் மடல்கள் அசைந்தன.

"இப்ப விடுங்க. விட்டுட்டு நீங்க அசைங்க."

விரலை விட்டார். குச்சியை இடது பக்கம் தள்ளினார். ஒன்றும் அசையவில்லை. வலது பக்கம் தள்ளினார். அசையவில்லை. வேகமாக இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். விமானம் மேஜை மேல் சும்மா கிடந்தது. எஸ்தர் தன் குச்சியைத் தொட்டாள். மடல்கள் அசைந்தன.

"ரிமோட் கெட்டுப்போச்சா?"

"இல்லீங்க. செட்டிங்ல அந்தச் சுவிட்சை எடுத்துட்டேன். பிடிச்சாலும் விட்டாலும் ஒண்ணுதான்."

"எப்ப?"

"போன ஞாயித்துக்கிழமை. மேல ஏத்துறதுக்கு முன்னாடி."

அரங்கநாயகம் ரிமோட்டை மெதுவாக மேஜையில் வைத்தார். தாழ்ந்த இறக்கையை நிமிர்த்தியது அவர் கை இல்லை. மூக்கைத் தூக்கியதும் அவர் இல்லை. அவர் வேலை செய்யாத குச்சியை ஆட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்தில் நின்ற பிள்ளை தனியாகவே இறக்கியிருக்கிறான். அவருக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. மஸ்கட்டில் இப்போது மணி என்ன இருக்கும் என்று சட்டைப்பையில் ஃபோனைத் துழாவினார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டாக்டர். நான் பிடிச்சதாவே நினைச்சுக்கிட்டு அவன் போயிட்டானே. இப்பவே ஃபோன் போட்டு, நீதாண்டா இறக்கினேன்னு சொல்லிடறேன்."

"தம்பிக்குத் தெரியுங்க சார்."

அவர் கை சட்டைப்பையிலேயே நின்றது.

"என்ன தெரியும்?"

"சுவிட்சை எடுத்தது தெரியும். பறக்குறவங்ககிட்ட சொல்லாம அதை எடுக்கக் கூடாதில்லீங்களா? உள்ள வச்சே கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சாரு. அப்புறம் எடுத்துடுங்கன்னு சொன்னாரு."

வெளியே முகாம்காரர்கள் வந்து சேரும் சத்தம் கேட்டது. யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அரங்கநாயகம் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தெரிஞ்சுமா 'நீங்கதான் பிடிச்சீங்க'ன்னு சொன்னான்?"

எஸ்தர் தலையசைத்தாள்.

"ஏன் டாக்டர்?"

எஸ்தர் கேபிளைக் கழற்றினாள். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் சொன்னாள்.

"நீங்க விழுந்துடக் கூடாதுன்னுதான், சார்."