துணியில் பட்ட சிவப்பு

மருத்துவர் உலகம்மையிடம் வைத்தியம் பயில வந்தவர்களில் தீர்த்தபதி ஒருவர்தான் ஆசிரியையைவிட மூத்தவர். யாரையும் லேசில் நம்பாதவர்.

ஒரு காலை, பல் தேய்த்து அவர் உமிழ்ந்த நீரில் ரத்தம் கலந்திருந்தது. மறுநாளும் அப்படியே. வைத்தியசாலைக்குப் பல்பொடி இடித்துக் கொடுக்கும் சொரிமுத்து அங்கே வேலைக்குப் புதிது. சந்தேகம் நேராக அவன்மேல் போய் நின்றது.

உரலில் என்ன போடுகிறான் என்று தீர்த்தபதி மறைந்து நின்று பார்த்தார். அவன் மொண்டு கொடுத்த தண்ணீரையும் குடிக்கவில்லை. மற்ற மாணவர்களின் காதிலும் போட்டுவைத்தார். ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். பேச ஆளில்லாமல் போன சொரிமுத்து, துணிமணியை மூட்டை கட்டினான்.

தீர்த்தபதி ஆசிரியையிடம் போனார்.

"அம்மா, பொடியில் கண்ணாடித்தூள் கலந்திருக்கிறது."

"வலிக்கிறதா ஐயா?"

"இல்லை. அதுதான் சந்தேகமே. மரத்துப்போக வேறு எதையோ சேர்க்கிறான்."

உலகம்மை மற்ற மாணவர்களையும் கூப்பிட்டார். வெள்ளைத் துணியைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். விரலில் சுற்றி, பல்லும் ஈறும் சேரும் இடத்தில் மெல்லத் தேய்க்கச் சொன்னார்.

மற்றவர்களின் துணியில் ரத்தம் இல்லை. தீர்த்தபதியின் துணி சிவந்தது.

"எனக்கு மட்டும் தனியாகக் கலக்கிறான்."

"எல்லாருக்கும் ஒரே டப்பாதானே?" என்றான் ஒரு மாணவன்.

தீர்த்தபதி அவனையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

உலகம்மை அவரை வெளிச்சத்தில் உட்காரவைத்து, கையில் கண்ணாடியைக் கொடுத்து, கீழுதட்டை இழுத்துக் காட்டினார். பல்லின் அடியில் மஞ்சளாகக் காரை இறுகிக் கிடந்தது. அதை ஒட்டிய ஈறு தடித்துச் சிவந்திருந்தது.

"நேற்று முந்தாநாள் படிந்ததல்ல இது," என்றார். "சொரிமுத்து இங்கே வருவதற்கு முன்பே இருந்திருக்கிறது."

"நோய் என்றால் வலிக்க வேண்டாமா?"

"வலிக்கட்டும் என்று இருந்தால், அதற்குள் பல் ஆட ஆரம்பித்துவிடலாம்." ஒவ்வொரு பல்லாக அசைத்துப் பார்த்தார். "இப்போது ஒன்றும் ஆடவில்லை. காரையைச் சுரண்டி எடுத்து, தினமும் சுத்தமாக வைத்துக்கொண்டால் ஈறு ஆறிவிடும்."

வாசலில் சொரிமுத்து மூட்டையோடு விடைபெற நின்றிருந்தான்.

தீர்த்தபதி கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார். குரல் தாழ்ந்தது.

"அம்மா, அவனிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன்."

உலகம்மை கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"வாய் உங்களுடையது ஐயா."