ஏசேக்கு என்றொரு கிணறு

கோடையில் ஊர்க்கிணறு வற்றிப்போனது. பண்ணையார் வேதமாணிக்கம் தன் புதுக்கிணற்றுக்கு வேலிபோட்டுப் பூட்டினார்.

"நீ வேதம் வாசிக்கிறவளாச்சே. அதிலிருந்து கிணத்துக்கு ஒரு பேர் சொல்லு. பொருந்தலைன்னா வேலை போச்சு" என்றார் சமையல்காரி சலோமியிடம்.

அவள் வீட்டிலும் குடிக்கத் தண்ணீரில்லை. யோசித்துச் சொன்னாள்: "ஏசேக்குன்னு வைங்க முதலாளி. பைபிள்ல வர்ற ஈசாக்கு காலத்துக் கிணறு."

ஞாயிற்றுக்கிழமை, காலிக்குடங்களோடு தவித்து நின்ற கூட்டத்தின் முன்னால் போதகர் பெயர்ப்பலகையைத் திறந்தார். திகைத்துப்போனார்.

"எபிரெய பாஷையில இதுக்குச் சண்டைன்னு அர்த்தமாச்சே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பண்ணையார் சலோமியை முறைத்தார்.

"பூட்டு தொங்குறவரைக்கும் அதுதானே பொருந்தும், முதலாளி? ஈசாக்கு சண்டையில்லாத கிணறும் வெட்டினார். அது பேரு ரெகொபோத். இடம் உண்டுன்னு அர்த்தம். திறந்துவிட்டா அதையே வெச்சிடலாம்."

அத்தனை கண்களும் பண்ணையார்மேல் திரும்பின. வேறு வழியில்லாமல் இடுப்பிலிருந்த சாவியை எடுத்தார். முதல் குடத்தைச் சலோமி நிரப்பினாள்.