விஷக்கட்டியும் அரைக்கீரையும்

காட்டோர அரிசி ஆலையில் முறுக்குமீசை என்றொரு எலி இருந்தது. ஆலைக்காரர் வைக்கும் எலிவிஷம் அதன் வம்சத்தை ஒன்றும் செய்யாது. கடலை மிட்டாய் போலக் கடித்துத் தின்றுவிடும்!

மகள் பவளப்பல்லைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு, பஜ்ஜி சொஜ்ஜிக்குப் பதிலாக அது விஷக்கட்டியை வைத்தது.

"எடுத்துக்குங்க! இதைத் தின்னாத்தான் எங்க வீட்டுப் பொண்ணு!"

வந்த எலிகள் எல்லாம் ஓட்டம் பிடித்தன.

ஆனால் வெளியே சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. விஷத்தைத் தாங்கும் அந்த உடம்புக்குத் தினமும் வயிறு நிறையக் கீரை வேண்டும். கீரை இல்லாவிட்டால் சின்னக் கீறலில்கூட ரத்தம் நிற்காது.

"ஆடு மாதிரி மேயற குடும்பம்னு சிரிப்பாங்க. கல்யாணம் முடியுறவரை யாரும் கீரைப் பக்கம் போகக் கூடாது!" என்றது முறுக்குமீசை.

கடைசியில் கோயில் களஞ்சியத்திலிருந்து சூரவால் என்ற மாப்பிள்ளை, தாயோடு வந்தது. விஷக்கட்டியை ஒரே வாயில் விழுங்கியது.

"இன்னொண்ணு இருக்கா மாமா?"

"எங்க வீட்ல பச்சப் பிள்ளைக்கே இதைத்தான் ஊட்டுவோம் சம்பந்தி!" என்றது தாய்.

விருந்து நாள்கணக்கில் நடந்தது. நெல், கடலை, விஷம். பச்சை இலை ஒன்றுகூட இல்லை.

முகூர்த்தத்தில் மாலையின் நார் பவளப்பல்லின் கழுத்தைக் கீறியது. ரத்தம் நிற்கவே இல்லை.

"வெட்கத்துல சிவந்துட்டா!" என்றது முறுக்குமீசை.

மாப்பிள்ளை தும்மியது. மூக்கிலும் ரத்தம்!

"என் பையனுக்கும் வெட்கந்தான்!" என்றது தாய்.

"அப்பா, கண்ணு இருட்டுது... ஒரு வாய் கீரை!" என்று பவளப்பல் சாய்ந்தது.

"உஷ்! சம்பந்தி காதுல விழும்!"

விழுந்துவிட்டது.

"கீரையா? ஐயோ, எங்களுக்கும் அது இல்லாட்டி ரத்தம் நிக்காது! எங்கே இருக்கு?" என்று தாய் அலறியது.

இரண்டு வீட்டாரும் மணமக்களைத் தாங்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார்கள். கீரைப்பாத்தி நடுவே பூனை படுத்திருந்தது!

மகளின் கழுத்திலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தது. முறுக்குமீசை ஒருமுறை பார்த்தது. பிறகு பூனையின் மூக்கெதிரே குதித்தது.

"நான் கீரை தின்னி! என் வம்சமே கீரை தின்னி! பிடி பார்க்கலாம்!"

பூனை துரத்தியது. மற்றவை பாத்தியை மொட்டையடித்தன. மணமக்கள் இருவருக்கும் ரத்தம் மெல்ல நின்றது. முறுக்குமீசை ஒரு பக்க மீசையைப் பூனையிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தது.

அடுத்த மகளைப் பார்க்க வந்தவர்களுக்கு அது முதலில் வைத்தது ஒரு கட்டு அரைக்கீரை.

பலத்தைப் பறைசாற்றி, அதனால் வந்த நோவை மறைத்தால், அந்த நோவை நம் பிள்ளைகள்தான் அனுபவிப்பார்கள்.