மேகத்துக்கு அந்தப் பக்கம் அம்மா

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. மலைக்கு அடியிலயே இருக்கிற ஊரு. வாசக்கதவத் தெறந்தா எதுத்தாப்ல மலைதான் நிக்கும், பச்சப்பசேல்னு. அவ பேரு இளவேனி. ரெண்டாங் கிளாஸ் படிக்கிறா. முன்பல்லு ரெண்டும் விழுந்து, சிரிச்சா ஜன்னல் தெறந்த மாதிரி இருக்கும். ம் சொல்லணும், என்ன? ஆங், அப்படித்தான்.

அவளுக்கு ஒரு அப்பா, இசக்கிராஜ்னு பேரு, மினி பஸ் ஓட்டுறவரு. ஒரு தங்கச்சிப் பாப்பா பொன்னி, ரெண்டு வயசு. அப்புறம் அம்மா, வடிவு. அந்த அம்மாவுக்கு என்ன வேலை தெரியுமா? காட்டக் காவல் காக்குற வேலை. காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு, மரம் வெட்டுறவன், மான் பிடிக்கிறவன் எவனும் உள்ள நுழையாம பாத்துக்கணும். மலை மேல ஒரு கேம்ப் உண்டு, தகரக்கூரை போட்ட சின்ன வீடு. பத்து நாள் அங்க இருப்பா, பத்து நாள் இங்க இருப்பா.

அந்த வருசம் மழைன்னா மழை, சோ...ன்னு கொட்டுது. கேம்புக்குப் போற பாலம் மடார்னு இடிஞ்சு ஆத்தோட போயிருச்சு. அம்மா அந்தப் பக்கம், இவங்க இந்தப் பக்கம். அரிசி பருப்பு முன்னாடியே நெறைய கொண்டு போயிருந்தாங்க, அதனால பசி இல்ல. ஆனா வர முடியல. செல்போனும் அங்க எடுக்காது. கீழ இருக்கிற பாரஸ்ட் ஆபீசுக்கு வயர்லெஸ்ல தகவல் வரும். அந்த ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் தினம் போன் பண்ணி, "நல்லாருக்காங்க, கவலப்படாதீங்க"ம்பாரு. அவ்வளவுதான். பத்து நாள் இருபதாச்சு, இருபது நாப்பதாச்சு.

அப்போ ஒரு நாள் மத்தியானம் இளவேனி சும்மா உக்காந்து அம்மாவ நெனச்சுப் பாத்தா. மொகம் வந்துச்சு. நனைஞ்ச காக்கித் துணியும் தேங்கா எண்ணெயும் கலந்த வாசம்கூட வந்துச்சு. அம்மா வாய் அசையுது. ஆனா சத்தம் வரல! திரும்பத் திரும்ப நெனச்சுப் பாக்குறா, வரவே இல்ல. எந்திரிச்சு அப்பாகிட்ட ஓடுனா.

"அப்பா, அம்மா எப்படிப் பேசுவா?"

"அம்மா மாதிரிதான் பேசுவா. இதென்னட்டி கேள்வி?"

"நீ பேசிக் காட்டு."

அப்பா தொண்டைய ஒடுக்கிக்கிட்டு, "ஏட்டீ இளவேனீ"ன்னாரு. ஆட்டுக்குட்டி கத்துன மாதிரி இருந்துச்சு. பொன்னி கெக்கெக்கேன்னு சிரிச்சா. இளவேனி சிரிக்கல. அவ சிரிக்கலங்கறத அப்பா பாத்துக்கிட்டாரு.

அப்புறம் மழை விட்டுச்சு. ஞாயித்துக்கிழமை ஒவ்வொரு குடும்பமா காட்டுக்குள்ள நடந்து போயிட்டு வரலாம்னு பாதைய மறுபடி தெறந்தாங்க. அந்தப் பாதை எங்க போய் முடியும்னா, மொட்டப்பாறையில. அங்க நின்னா பெரிய பள்ளம். பள்ளத்துக்கு எதிர்க்கரையில, அம்மா இருக்கிற கேம்ப்! அப்பா மொத ஆளாப் போய்ப் பேரு குடுத்துட்டாரு.

கூட வழிகாட்டியா வந்தவரு மல்லன். அந்த மலையிலயே பொறந்து வளந்தவரு. அவரு ரெண்டே ரெண்டு சொன்னாரு. "காட்டுக்குள்ள சத்தம் போடப்படாது. ஒரு மணி அடிச்சா, எங்க நின்னாலும் திரும்பிரணும்."

"மாமா, பாறையில இருந்து பாத்தா அம்மா தெரிவாளா?"

"வெயில் இருந்தா தெரிவா. எறும்பு கணக்கா."

"எறும்பா இருந்தாலும் போதும் மாமா."

அப்பா தோள்ல பொன்னி. முதுகுல சோத்துப் பை. மல்லன் முன்னால, இளவேனி நடுவுல. சரக் சரக்குனு சருகு மேல நடக்குறாங்க. ம்...

கொஞ்ச தூரம் போனதும் கால்ல நமநமன்னுது. குனிஞ்சு பாத்தா அட்டை! ஒண்ணு இல்ல, ஏழு, எட்டு, கறுப்புக் கறுப்பா. "ஆ"ன்னு வாயத் தெறந்தா. சத்தம் போடப்படாதே! லபக்குனு ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டா. கண்ணுல தண்ணி நிக்குது. மல்லன் உப்பும் பொயிலையும் முடிஞ்ச துணிய எடுத்துத் தொட்டாரு. பொத்து பொத்துனு விழுந்துச்சு. "வீட்டுக்குப் போயிரலாமா தாயி?"ன்னாரு அப்பா. மாட்டேன்னு தலைய மட்டும் ஆட்டுனா.

அப்புறம் ஒரு ஓடை. சலசலசலன்னு ஓடுது, தண்ணி ஐஸ் மாதிரி. கல்லு மேல கால வச்சுத் தாண்டணும். ஒரு கல்லு, ரெண்டு கல்லு, மூணாவது கல்லு பாசி. சர்ர்ர், பொளக்! இடுப்பளவு தண்ணி. மல்லன் சட்டுனு சடையப் பிடிச்சுத் தூக்குனாரு. பாவாடை நனைஞ்சு போச்சு, பல்லு டகடகடகன்னு அடிக்குது. "திரும்பிரலாமா?"ன்னாரு அப்பா. அதுக்கும் இல்லன்னு தலைதான் ஆடுச்சு.

அப்புறம்... தூங்கிட்டியா? இல்லியே? சரி. அப்புறம் மல்லன் பொசுக்குனு நின்னு கையத் தூக்குனாரு. எல்லாரும் அப்படியே நிக்கிறாங்க. மடக்... மடக்... ஈத்த மூங்கில யாரோ ஒடிக்கிற சத்தம். பாதை நடுவுல யானை! அதுக்குக் காலடியில ஒரு குட்டி. பெரிய யானை ரெண்டு எட்டு வச்சா குட்டியும் குடுகுடுன்னு ரெண்டு எட்டு வைக்கும். பெருசு நின்னா குட்டி போய் அது வயித்துக்கடியில நின்னுக்கும்.

பொன்னி உதட்டப் பிதுக்குறா. அழப்போறா! இளவேனி சட்டுனு அப்பா முதுகுப் பையில இருந்த கருப்பட்டித் துண்ட எடுத்து அவ வாயில வச்சா. ம்ச்சு ம்ச்சுன்னு சப்பிக்கிட்டு அவ சும்மா ஆயிட்டா. ஒரு மரத்துக்குப் பின்னாடி நிக்கிறாங்க, நிக்கிறாங்க, நின்னுக்கிட்டே இருக்காங்க. மணி பதினொண்ணு ஆச்சு, பன்னெண்டும் ஆச்சு. இளவேனி அந்தக் குட்டிய விட்டுக் கண்ண எடுக்கல. பயமா இருந்துச்சான்னு கேட்டா, இல்ல. அது வேற என்னமோ மாதிரி இருந்துச்சு.

ஒருவழியா யானையும் குட்டியும் எறங்கிப் போச்சு. அப்புறம் ஓட்டமும் நடையுமா ஏறி, மூச்சு வாங்க மொட்டப்பாறைக்குப் போய்ச் சேந்தா... மணி ஒண்ணாகப் பத்து நிமிசம்.

ஏறிப் பாத்தா ஒண்ணுமே இல்ல. மேகம். பள்ளம் இல்ல, எதிர்க்கரை இல்ல, கூரை இல்ல. எல்லாம் வெள்ளை வெளேர்னு, பாலுக்குள்ள முக்குன மாதிரி.

இளவேனி அழல. பாறை ஓரத்துல கட்டியிருந்த கம்பியப் பிடிச்சுக்கிட்டு வெள்ளையவே பாத்தா. அப்பா அவ தலையப் பாத்தாரு. மல்லன் அவ நனைஞ்ச பாவாடையப் பாத்தாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு, "நாங்க தேனெடுக்கப் போனவங்களக் கூப்புட இங்க நின்னு ஒரு குரல் குடுப்போம். ஒரே ஒரு தரம். நீ ஒரு தரம் கூப்புடு தாயி, காடு கோவிச்சுக்காது."

அவகிட்டச் சொல்ல எவ்வளவு இருந்துச்சு தெரியுமா! பல்லு விழுந்தது, பொன்னி பூனைன்னு சொல்றது, அப்பா பின்னுற சடை கயிறு மாதிரி இருக்கிறது... எல்லாம் நாக்குல முண்டியடிச்சுக்கிட்டு நிக்குது. வாயத் தெறந்தா ஒண்ணுதான் வந்துச்சு.

"அம்மா...!"

மா... மா... மா...ன்னு மலை திருப்பிச் சொல்லுச்சு. அப்புறம் அதுவும் அடங்கிருச்சு. அப்பா வந்து தோள்ல கைய வச்சாரு. "வா தாயி. நேரமாச்சு." அவ திரும்பிட்டா. ஒரு எட்டும் வச்சுட்டா. அப்போ...

"ஏட்டீ...! சாப்ட்டியா...?"

மலை நாம சொன்னதத்தான் திருப்பிச் சொல்லும். சாப்ட்டியான்னு கேக்க அதுக்கு எப்படித் தெரியும்? ம்?

இளவேனி மல்லன் மொகத்தப் பாத்தா. ஒரு தரம்தானே சொன்னாரு? மல்லன் அந்தாண்டை திரும்பி ஒரு மரத்தையே உத்துப் பாத்துக்கிட்டு நிக்காரு, காதே கேக்காதவரு மாதிரி.

"இல்ல...! யானை வந்துருச்சு...!"

"மொதல்ல சாப்டூ...!"

"பாப்பா பேசுறா...! பூனைன்னு சொல்றா...!"

பொன்னி கருப்பட்டி ஒழுகுற வாயோட, "ம்மா"ன்னு ரெண்டு கையையும் வெள்ளைக்குள்ள நீட்டுறா. அப்பாவும் கூப்பிடப் பாத்தாரு, "வடி..."ன்னு ஆரம்பிச்சாரு, பேர முடிக்கல. அப்போ இளவேனியே கத்துனா, "அப்பா... நல்லாருக்காரு...!"

"பாலம்... போட்டதும்... வந்துருவேன்...!"

அதுக்கப்புறம் காத்து உய்ய்ய்ன்னு மாறி அடிச்சுது. குரல் பாதி பாதியா வந்து, கடைசில காத்து மட்டும்தான் இருந்துச்சு.

மணி ஒண்ணு தாண்டியாச்சு. மல்லன் மணியப் பாக்கவே இல்ல. இளவேனி சோத்துப் பையத் தெறந்து, இலையில கட்டுன எலுமிச்சங்காச் சோத்த எடுத்து, பாறையில உக்காந்து சாப்ட்டா. மேகத்தப் பாத்து உக்காந்துதான் சாப்ட்டா. விலகிச்சுன்னா, தான் சாப்பிடுறத அம்மா பாக்கட்டும்னு. ஒவ்வொரு வாயும் மெதுவா, மெதுவா.

மேகம் விலகவே இல்ல கண்ணு.

எறங்குறப்ப அவ ஒரு வார்த்த பேசல. பேசுனா காதுல இருக்கிற குரல் சிந்திரும்னு பயம். ஓடையில அப்பா தூக்கிக்கிட்டாரு, அட்டைய மல்லனே தட்டி விட்டாரு. வீட்டு வாசலுக்கு வந்தப்புறம்தான் வாயத் தெறந்தா. "அப்பா, அம்மாவுக்குக் கொஞ்சம் தொண்டை கட்டியிருக்கு"ன்னா.

என்ன? அம்மா வந்தாளான்னா கேக்குற? வந்தா, வந்தா. பாலம் போட இன்னும் இருபத்திரெண்டு நாளாச்சு. போட்ட அன்னிக்கே பலகையில ஆணி அடிச்சு முடிக்குறதுக்குள்ள தாண்டி வந்துட்டா, தொண்டை கட்டோடயே. ம்... ம் காணோமே?

சரி. கதை மலையெறங்கி வீடு வந்தாச்சு. நீ கண்ண மூடிக்கோ.