டோலிக்கு இன்னொரு தோள்

உட்காருங்கள். கதை சின்னதுதான். ஆனால் கேட்டுவிட்டு நைசாக நழுவ விடமாட்டேன். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது, அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும்.

கருநெல்லிக்காடு என்று ஒரு மலையூர். அங்கே சாலை என்பது தேர்தலுக்குத் தேர்தல் காதில் விழுகிற சொல். நோயாளியோ பிள்ளைத்தாய்ச்சியோ, யாரானாலும் மூங்கில் கம்பில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தோளில் சுமந்துதான் அடிவாரத்துக்கு இறக்க வேண்டும். அதுதான் டோலி. அந்த டோலிக்கு ஊரில் ஒரு கட்டு உண்டு: கம்பு பெண்ணின் தோளில் ஏறக்கூடாது. ஏறினால் உள்ளே கிடப்பவர் உயிரோடு திரும்பமாட்டாராம். டோலி சுமந்தவர் பிறக்கும் பிள்ளைக்குத் தாய்மாமன் முறை. பெயர் வைக்கும் நாளில் அவருக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பார்கள்.

அந்த ஊர் மகளிர் குழுவின் தலைவி குப்பாயி. அவளுடைய தம்பி பெண்டாட்டி பொன்னுருவிக்கு அன்று விடிந்ததிலிருந்து வலி. தலைப்பிள்ளை. பனிக்குடம் உடைந்து வெகுநேரமாகியும் பிள்ளை இறங்குகிற வழியாக இல்லை. "உடனே கீழ கொண்டாங்க, ஆம்புலன்ஸ் பாலத்துக்கிட்ட நிக்குது!" என்று நர்ஸ் போனில் கத்தினார். ஊர் ஆண்களோ கரும்பு வெட்டக் கீழ்நாட்டுக்குப் போயிருந்தார்கள். தெம்பான ஆண் என்று இருந்தவன் பொன்னுருவியின் புருஷன் காளியப்பன் ஒருவன்தான். இன்னொரு தோள் வேண்டும்.

"நான் தூக்குறேன்," என்றாள் குப்பாயி.

அவளுடைய தாய் ராமாயி வாசலை மறித்துக்கொண்டாள். "என் பொணத்தத் தாண்டிப் போ. ஒன் தங்கச்சிய மறந்துட்டியாடி?"

மறக்குமா? குப்பாயியின் தங்கையும் இதே போல டோலியில் போனவள்தான். வழியில் ஒருவன் வழுக்கி விழ, பதறிப்போய்த் தோள் கொடுத்தது ராமாயி. அடிவாரம் சேர்வதற்குள் மகள் போய்விட்டாள். தன் தோள்தான் பெற்ற மகளைக் கொன்றது என்று நம்பிக்கொண்டு இத்தனை காலம் வாழ்கிறவளிடம் என்ன நியாயம் பேச முடியும்?

ராமாயிக்கே ஒரு யோசனை வந்தது. "ஓடக்கரையில சொர்ணன் இருக்கான்ல, அவனக் கூப்புடு."

சொர்ணன் என்று இவர்கள் சொல்வது சொர்ணாவை. ஆண் பிள்ளை என்று ஊர் வளர்த்தது. தான் பெண் என்று அறிந்து, ஊரை விட்டுப் போய், சேலை கட்டிக்கொண்டு திரும்பி வந்த திருநங்கை. 'குழுவில சேத்துக்கங்கக்கா' என்று அவள் வந்து நின்றபோது, 'இது பொம்பளைங்க குழு' என்று சொல்லித் திருப்பி அனுப்பியது சாட்சாத் இந்தக் குப்பாயிதான். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? ஆனாலும் ஓடினாள்.

விஷயத்தைக் கேட்டதும் சொர்ணா அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாள். "பொம்பளைன்னு வந்தப்ப ஆம்பளைன்னு தொரத்துனீங்க. இன்னிக்கு மட்டும் என்னக்கா?" என்று வழியில் ஒரே ஒரு தடவை கேட்டாள். குப்பாயி நடையை எட்டிப்போட்டாள்.

வாசலில் ராமாயி வேட்டியோடு நின்றாள். "சேலைய அவுத்துட்டு இதக் கட்டு. கம்பு மேல கைய வச்சு, நான் ஆம்பளைன்னு எல்லாரும் கேக்கச் சொல்லு. அப்பதான் வுடுவேன்."

ஊர்ப் பெண்கள் வாசலில் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். உள்ளே பொன்னுருவி, "அண்ணி, நான் செத்துருவேன் போலருக்கு," என்று முனகினாள். கத்துவதற்குக்கூட அவளிடம் தெம்பில்லை. சொல்லாதே என்று தடுத்தால் உள்ளே கிடப்பவள் போய்விடுவாள். சொல் என்று சொல்லவோ குப்பாயிக்கு நா எழவில்லை. பாவி, தலையைக் குனிந்துகொண்டாள்.

சொர்ணா வேட்டியைக் கட்டினாள். கம்பின் மேல் கை வைத்தாள். "நான் ஆம்பளை," என்றாள். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல அவள் பட்ட பாடு இருக்கிறதே, அதற்குப் பதில் அந்த மலையையே தூக்கிவிடலாம்.

டோலி இறங்கியது. தாய் பிழைத்தாள். பெண் குழந்தையும் பிழைத்தது.

பெயர் வைக்கும் நாளில் ராமாயி கண்ணீரும் கம்பலையுமாக வேட்டியை நீட்டினாள். "எங்கொலத்தக் காப்பாத்துன மவராசன். இனிமே நீ எங்க வூட்டு ஆளு." சொர்ணாவை ஊர் கூப்பிட்டு உட்கார வைத்தது அதுதான் முதல் தடவை. வேட்டியை வாங்கிக்கொண்டால் ஊரில் இடம் உண்டு, உறவு உண்டு. ஆனால் சாகும்வரை அவள் சொர்ணன்.

சொர்ணா கை நீட்டவில்லை. "அன்னிக்கு ஒரு உசுருக்காகப் பொய் சொன்னேன் ஆயா. மாமன்னு வேணாம். அத்தைன்னு ஒரு சேல குடு, வாங்கிக்கிறேன்."

"ஐயோ, அப்படிச் சொல்லாத! பொம்பள தூக்குனதுன்னு ஆயிட்டா எம்பேத்தி உசுருக்கு யாரு பொறுப்பு?" ராமாயி தடாலென்று அவள் காலில் விழுந்தாள். குழந்தை வீரிட்டது.

குப்பாயி எழுந்துபோய்த் தன் பெட்டியிலிருந்த புதுச்சேலையை எடுத்து வந்து சொர்ணாவின் மேல் போர்த்தினாள். "தூக்குனது பொம்பளதான். பொழச்சுக் கெடக்கறதும் பொம்பளப் புள்ளதான்," என்றாள். ராமாயி குழந்தையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதன்பிறகு மகளோடு அவள் பேசவே இல்லை.

இப்போது சொல்லுங்கள். உயிர் பிழைக்கப் பொய்யைக் கேட்டு வாங்கினாள் ராமாயி. பொய்யைச் சொன்னாள், பிறகு சபையிலே அதை உடைத்தாள் சொர்ணா. பெற்ற தாய் சொர்ணாவின் காலில் விழுந்து கதறியும் சேலையைப் போர்த்தினாள் குப்பாயி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

என் பதில் இது. ராமாயி செய்தது தப்பு, ஆனால் அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. குப்பாயி கொடுத்தது, குழுவில் சேர வந்த அன்றைக்கே சொர்ணாவுக்குக் கொடுத்திருக்க வேண்டிய மரியாதை. அதைப் பெருந்தன்மை என்று சொல்லமாட்டேன். சரியாகச் செய்தவள் சொர்ணாதான். உயிர் ஊசலாடியபோது தன்னையே மறுத்தாள், உயிர் தப்பியபின் அந்தப் பொய்யில் குளிர்காய மறுத்தாள். ஆனால் இதோடு நீங்கள் நிம்மதியாக எழுந்துவிட முடியாது. அன்று வாசலில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்களே? 'இந்தப் பொய் வேண்டாம், நாங்கள் மாற்றி மாற்றிச் சுமக்கிறோம்' என்று எல்லோருமாக முன்னால் வந்திருந்தால், ராமாயி ஒருத்தி எத்தனை பேரை மறித்திருப்பாள்?